மணி பிளாண்ட் வழக்கு

என் அத்தை ஒரு திருடி என்பதை என் பத்தாவது வயதில் கண்டுபிடித்தேன். குடும்பத்தில் வேறு யாருக்கும் அந்தச் சாமர்த்தியம் போதவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. சுங்காய்ப் பக்கம் எங்கள் ரப்பர் எஸ்டேட்டை மூடிவிட்ட பிறகு, நாங்கள் ஈப்போ அடுக்குமாடிக்கு வந்தபோது அவரும் கூடவே வந்தார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை; கல்யாணம் ஆகவில்லை. செடிப் பைத்தியம் மட்டும் உண்டு. பால்கனி முழுக்க வெட்டிய எண்ணெய்ப் போத்தல்களில் ஏதாவது துளிர்த்துக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமை அவருடைய நாள். தையல்கடை, தபால் நிலையம், செடிக்கு உரம் என்று மோட்டார் சைக்கிளில் சுற்றுவார். "நீயும் கூடப் போ. யாருகிட்ட பேசுறான்னு பாத்துக்க" என்று அப்பா என்னைப் பின்னால் ஏற்றிவிடுவார். நான் அதைத் துப்பறியும் உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டேன்.

முதல் தடயம் அந்த மோட்டார். நன்றாக ஓடுகிற வண்டியை வாராவாரம் சிலிபின் பக்கம் ஒரு மோட்டார் பட்டறைக்குக் கொண்டுபோவார். "என்னமோ சத்தம் வருது" என்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு அவர் பாடுகிற சத்தம்தான் கேட்கும். இரண்டாவது தடயம், கீரைக்காரரிலிருந்து தபால்காரர்வரை எல்லோரையும் 'அண்ணே' என்கிற அத்தை, பட்டறைக்காரரை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

மூன்றாவது, குற்றமே. பட்டறை வாசலில் ஒரு தொட்டியில் மணி பிளாண்ட் வழிந்து தரையில் கிடக்கும். ஒரு சனிக்கிழமை அத்தை அக்கம்பக்கம் பார்த்தார். ஒரு கொடியைக் கிள்ளிக் கைப்பைக்குள் போட்டார். பட்டறைக்காரர் சரியாக அந்த நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒன்றுமே இல்லை. இப்படி ஏமாளியாக இருந்தால் இவர் எப்படிக் கடை நடத்துவார் என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

"அத்த, அது அவங்க செடி லா!"

"கத்தாதடி."

வீட்டில் ஏற்கெனவே பதினோரு போத்தலில் அதே கொடி. எல்லாம் இங்கே அடித்ததுதானா? போலீஸ் வந்தால் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தவளையும் சேர்த்துத்தானே பிடிப்பார்கள்!

"பைய பாத்துக்க, இந்தா வாரேன்" என்று அத்தை பக்கத்துக் கடைக்கு உரம் வாங்கப் போனார். நான் கொடியை எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்காரரிடம் போனேன்.

"இந்தாங்க அங்கிள், உங்க செடி."

அவர் எண்ணெய்க் கையைத் துடைத்தார். ஆனால் கையை நீட்டவில்லை. "யாரும்மா குடுக்கச் சொன்னா?"

அத்தையைக் காட்டிக் கொடுக்க மனமில்லை. தானாகவே திருந்தியவராக அவரைக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. "அத்ததான். வேணாமாம். இனிமேயும் வேணாமாம்."

"அவங்களே சொன்னாங்களா?"

"சத்தியமா அங்கிள்."

அந்த வயதில் சத்தியத்தை நான் தாராளமாகச் செலவழிப்பேன்.

அவர் கொடியை வாங்கிக்கொண்டார். பிறகு தொட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

மணி பிளாண்ட்டைக் கேட்டு வாங்கினால் பிழைக்காது, திருடி வைத்தால்தான் தழைக்கும் என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. கொடுக்க ஆசைப்படுகிறவர் அந்த நேரம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அத்தை உரத்தோடு வந்தார். தொட்டி இருந்த இடத்தில் வட்டமாய் ஈரம். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பட்டறைக்காரர் தலை நிமிரவில்லை.

"மோட்டார்ல ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு. இனிமே கொண்டு வர வேணாம்."

அத்தை என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சிவப்பு விளக்கில் நின்றபோது வண்டிக் கண்ணாடியில் பார்த்தேன், கண் கலங்கியிருந்தது. செய்த தப்பு உறைத்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். ஒரே நாளில் ஓர் ஆளைத் திருத்திவிட்டேனே என்று எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது.