அண்ணனின் ரிமோட்டில் கை வைத்தேன்

நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். விராலிமலைச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் எரிந்தாலும் பெரும்பாலும் என் கடைக்குத்தான் வந்து சேரும். என்னைவிட நான்கு வயது மூத்த அண்ணன் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கள் ஊரான ஆவூரில் எங்கள் வயது ஆண்களில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். போகாமல் தங்கிவிட்ட நாங்கள் இருவரும் நாற்பது வயதுக்கு மேல் பொம்மைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தோம். அப்படிச் சொன்னது ஊர். பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

அது பந்தயக் கார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், கார்பன் தகட்டில் அடித்தட்டு, நான்கு சக்கரங்களையும் பெல்ட் சுழற்றும். நேராக விட்டால் நம் டவுன் பஸ்ஸைப் பின்னால் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஞாயிறு பூசை முடிந்ததும் ஓடாமல் கிடக்கும் ஒரு ரைஸ்மில்லின் சிமெண்டுக் களத்துக்குப் போவோம். நெல் காயப்போட்ட இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வளைவுகளில் பழைய டயர்களை அடுக்கி, அதையே ட்ராக் ஆக்கியிருந்தோம்.

வாரம் முழுக்க எனக்கு அதில் வேலை இருக்கும். பேரிங்குகளைக் கழற்றிக் கழுவ வேண்டும். நான்கு ஷாக் அப்சார்பரிலும் ஆயிலை மாற்றி, உள்ளே ஒரு காற்றுக் குமிழ்கூட இல்லாமல் மூட வேண்டும். சக்கரம் எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்று அரை டிகிரி பிசகாமல் அளக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்வேன். அதை நோட்டில் எழுதாமல் அடுத்ததைத் தொட மாட்டேன். கடைக்கு வருகிறவர்களுக்கு என் நிதானம் வாய்க்காது. அவர்களிடம் எரிந்து விழுந்துவிட்டு, இந்தக் காரிடம் மட்டும் பொறுமையாக இருப்பேன்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. வண்டி என் பொறுப்பு, ரிமோட் அண்ணனுடையது. ஒரு ஸ்குரூவைக்கூட அவர் தொட மாட்டார். ரிமோட்டில் ஒரு அளவைக்கூட நான் மாற்றக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு முறை கேட்காமல் மாற்றிவிட்டேன். வண்டி சுவரில் போய் மோதியது, அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதன் பிறகு வந்த ஏற்பாடு இது. அதில் எழுதாத இன்னொரு பகுதியும் உண்டு. வண்டி சரியாக ஓடவில்லை என்றால் குற்றம் வண்டியில்தான், ஓட்டுகிறவரிடம் இல்லை. இதை நான் பெருமையாகவே வைத்திருந்தேன்.

தவக்காலம் தொடங்கிய வாரம் அண்ணன் சொன்னார்: "தம்பி, நேரா போறப்ப வண்டி அங்கிட்டும் இங்கிட்டும் அலையுது. என்னான்னு பாரு."

பார்த்தேன். முதலில் செர்வோவை மாற்றினேன். ரிமோட்டுக்குக் கட்டுப்பட்டு முன் சக்கரங்களைத் திருப்பும் சின்ன மோட்டார் அது. பிறகு லிங்க் என்கிற ஸ்டியரிங் கம்பிகளை மாற்றினேன். முன் ஸ்பிரிங்கை இளக்கமாகப் போட்டேன். இருப்பதிலேயே வேகமான இன்னொரு செர்வோ வரவழைத்துப் போட்டேன். நோட்டில் இரண்டு பக்கம் நிரம்பியது. ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் தலையை ஆட்டி, "இன்னும் அலையுதுடா" என்றார். ஈஸ்டர் முடிந்ததும் கோயம்புத்தூரில் போட்டி இருந்தது. எனக்குத் தூக்கம் கெட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே சிலுவைப்பாதைக்குக் கோயிலில் கூடியிருந்தது. அண்ணனும் போயிருந்தார். நான் தட்டிக்கழித்துவிட்டு வண்டியைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போனேன். ரிமோட்டுக்கு சார்ஜ் போடுவது என் வேலை என்பதால் அது என் பெட்டியில்தான் இருந்தது. நானே ஓட்டினேன். வண்டி நூல் பிடித்தாற்போல் போனது. பத்து சுற்று, இருபது சுற்று ஓட்டியும் ஒரு அலைச்சலும் இல்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குற்றம் வண்டியில் இல்லை என்று ஆகிவிட்டது.

அந்த ஞாயிறு அண்ணன் ஓட்டும்போது நான் வண்டியைப் பார்க்கவில்லை. மூட்டை ஏற்றும் மேடையில் நின்றிருந்த அவருடைய கையைப் பார்த்தேன். எங்கள் ரிமோட் துப்பாக்கி போலப் பிடிப்பது. பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், அதைத் திருப்பினால் வண்டி திரும்பும். வளைவுகளில் அவர் விரல்கள் எப்போதும்போல அழகாக வேலை செய்தன. நேர்ப்பாதை வந்து கை சும்மா இருக்க வேண்டிய நேரத்தில்தான் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல நடுங்கின. அதற்குப் பார்க்கின்சன் என்று பெயர் இருப்பது பின்னால் திருச்சி டாக்டர் சொல்லித்தான் தெரியும். இப்போது அண்ணனுக்குச் சட்டைப் பொத்தானை அண்ணிதான் போட்டுவிடுகிறார்.

அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அண்ணனிடம் போய் உன் கை நடுங்குகிறது என்று எப்படிச் சொல்வது? அதற்குப் பதிலாக ரிமோட்டின் செட்டிங்கைத் திறந்தேன். நடுவில் கொஞ்சம் அசைந்தால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே என்று அதற்குச் சொல்லிவைக்க வழி இருக்கிறது. வண்டியின் முன் சக்கரம் திரும்பும் வேகத்தையும் லேசாகக் குறைக்கலாம். இரண்டையும் செய்தேன். நோட்டில் எழுதவில்லை.

"ஒரு லிங்க் தேஞ்சிருந்துச்சுண்ணே, மாத்திட்டேன்" என்று சொன்னேன். பழைய டப்பாவிலிருந்து தேய்ந்த லிங்க் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டவும் செய்தேன்.

அண்ணன் மனசு நோகக் கூடாது என்றுதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி ஒரு தடவையாவது பரிசு மேடை ஏற வேண்டும், அதற்குள் இந்தக் கை கெட்டுப்போகக் கூடாது என்பது மீதிப் பாதி. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கோயம்புத்தூரில் அண்ணன் மூன்றாவதாக வந்தார். பெரிய பெரிய குழுக்களுக்கு நடுவே ஆவூர்க்காரர்கள் இருவர். அண்ணன் மேடையிலிருந்து இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "வண்டி சரியாயிருச்சுடா, சரியாயிருச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு கோப்பைக்கு இவ்வளவு அழுகையா என்று நினைத்துக்கொண்டு முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

அதற்கு ஐந்து மாதம் கழித்து அண்ணி ஒரு மிக்சியோடு கடைக்கு வந்தார். திறந்து பார்த்தேன். மிக்சியில் ஒரு கோளாறும் இல்லை.

"தம்பி, ஒங்க அண்ணன் குடிக்கிறாங்களா? எங்கிட்ட மறைக்காதீங்க."

திகைத்துப்போனேன். அண்ணன் நாக்கில் ஒரு சொட்டு வைத்தவர் இல்லை.

"எனக்கும் வாடை தெரியல. ஆனா பள்ளிக்கூடத்துல எல்லாரும் பேசுறாங்க. போர்டுல எழுத்து வரவரச் சின்னதாப் போகுதாம், கடைசி பெஞ்சுப் புள்ளைக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குதாம். சாக்பீஸ் கையில நிக்க மாட்டேங்குது. ஹெச்.எம். பக்கத்துல கூப்புட்டு வாயை மோந்து பாத்தாராம். வந்து ரெண்டு நாள் சாப்புடல."

"டாக்டர்ட்ட போகலையா அண்ணி?"

"தை மாசமே கை நடுங்குதுன்னு அவுங்களே சொன்னாங்க. ஒங்ககிட்டச் சொல்லிராதேன்னாங்க. திருச்சியில நரம்பு டாக்டருக்கு டோக்கன் போட்டு வச்சிருந்தோம். ஈஸ்டர் முடிஞ்சு போறதாத்தான் இருந்துச்சு. கோயம்புத்தூர் போய்ட்டு வந்து வேணாம்னுட்டாங்க. கை நடுங்குனா வண்டி அப்புடி நேரா ஓடுமா, எனக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் மனப்பிராந்தின்னு சிரிச்சாங்க. அவுங்க சிரிக்கவும் நானும் விட்டுட்டேன்."

மிக்சியைத் திரும்ப மூட எனக்கு வெகுநேரம் ஆனது. ஸ்குரூ மரையில் உட்காரவே இல்லை. அண்ணியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவரிடம் சொல்லிவிட்டால் அண்ணனிடம் சொல்வதற்கு எனக்குத் தைரியம் மிச்சம் இருக்காது என்று பட்டது.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணனைக் கடைக்கு வரச் சொன்னேன். வண்டியை மேசைமேல் ஸ்டாண்டில் ஏற்றியிருந்தேன். நான்கு சக்கரமும் அந்தரத்தில் நின்றன. ரிமோட்டை எடுத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நான் போட்டிருந்த அளவுகளை எல்லாம் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்.

"அதை ஏன்டா தொடுற?"

"பிடிண்ணே. திருப்ப வேணாம். சும்மா பிடி."

பிடித்தார். முன் சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக நடுங்கத் தொடங்கின. செர்வோ விடாமல் கிர் கிர் என்று சத்தம் போட்டது. அண்ணன் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். இறுக்கிப் பிடித்தார். சக்கரம் ஒரு கணம் நின்றது, பிடி தளர்ந்ததும் மறுபடி ஆடியது. மூன்று தடவை அப்படிச் செய்து பார்த்துவிட்டு ரிமோட்டை மேசையில் வைத்தார்.

"எப்பலேர்ந்து ஒனக்குத் தெரியும்?"

"தவக்காலத்துலேர்ந்து."

அவர் வாத்தியார். கணக்குப் போட அவருக்கு நேரம் ஆகவில்லை. திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து வலது கையை இடது கையால் மூடிக்கொண்டார்.

"அப்ப கோயம்புத்தூர்ல மூணாவதா வந்தது யாருடா? நானா, நீயா?"

"நீதாண்ணே" என்றேன்.

அவர் அதை நம்பவில்லை. பிறந்ததிலிருந்து என் வார்த்தையை அண்ணன் நம்பாமல் போனது அதுதான் முதல் தடவை.