முதல் பந்தி

ஜிபாருக்கு வாய் நீளம் என்று தையல் கொட்டகையில் எல்லோரும் சொல்வார்கள். குளிர்காலத்தில் பஞ்சுத்தூசி மூக்கை அடைக்கிறது, சன்னலைத் திறக்க வேண்டும் என்று கேட்டாள். முதலாளி மறுத்தான். அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சன்னல் திறந்தது, அந்த வாரம் அவள் கூலியும் குறைந்தது. இரண்டையும் ஒரே முகத்தோடு வாங்கிக்கொண்டாள்.

ஜிபார் நரின் என்ற மலைப்பக்கத்து ஊரிலிருந்து தலைநகர் பிஷ்கெக்குக்கு வந்தவள். கணவனுக்கு ரஷ்யாவில் கட்டட வேலை. நகரத்தின் ஓரத்தில் புதுக்குடியிருப்பு என்று ஒன்று. பழசாகிப் போன பிறகும் அதற்குக் குடிதண்ணீர் லாரியில்தான் வருகிறது. அங்கே ஓமுர்பெக்கின் வளவில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். ஒரே மகள் பெர்மெத்துக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. இன்னும் நடக்கவில்லை.

பகலெல்லாம் பெர்மெத் பக்கத்துச் சூராவின் வீட்டில் இருப்பாள். தையல்காரிகளின் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைச் சூராதான் பார்த்துக்கொண்டாள். காலையில் சர்க்கரை போட்ட தேநீரில் ரொட்டியை நனைத்துக் கொடுப்பாள். மத்தியானமும் அதுதான். அழுதால் புட்டியில் தேநீர். பிள்ளைகள் சத்தமில்லாமல் கிடந்தார்கள். சூரா கெட்டவள் இல்லை. இறைச்சி போட்டால் கூலியை ஏற்ற வேண்டும். ஏற்றினால் தாய்மார்கள் பிள்ளைகளை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவார்கள். அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெர்மெத்தின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே வெளுத்திருந்தது. ரத்தம் பத்தாது, அதனால்தான் காலில் பலமில்லை, தேநீரை நிறுத்து, ஈரல் கொடு, முட்டை கொடு என்றாள். மருந்து வேண்டுமென்றால் நகரத்தில் விலாசம் பதிந்திருக்க வேண்டுமாம். பதிய வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். ஓமுர்பெக் வளவில் நான்கு குடித்தனம், ஒன்றுக்கும் போட்டுக் கொடுத்ததில்லை. இன்றைக்குக் கையெழுத்து, நாளைக்கு வீடா என்று சிரிப்பார்.

இலையுதிர் காலத்தில் கணவனின் அக்கா தமீரா, காரின் பின்பெட்டியில் ஓர் ஆட்டைப் போட்டுக்கொண்டு மலையிலிருந்து வந்து இறங்கினாள். பிள்ளை முதலடி வைத்ததும் கறுப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய நூலால் காலைக் கட்டி, ஓடிவரும் சிறுவர்களில் முந்துகிறவன் அதை அறுப்பது வழக்கம். பிறகு விருந்து. தமீரா அதைத் திருப்பிப் போட்டாள். தளை அறுக்காததால்தான் பிள்ளை நடக்கவில்லை, அறுத்தால் நடந்துவிடும் என்றாள். கையோடு இன்னொரு யோசனையும் வைத்திருந்தாள். ஓமுர்பெக்கை நடுவில் உட்காரவைத்து மரியாதை செய்து, வயிறு நிறைந்ததும் கையெழுத்தைக் கேட்பது.

"இந்தக் கறிய உப்புப் போட்டு வெச்சா பனிக்காலம் முழுக்க இவளுக்கு ஆகும் மதினி," என்றாள் ஜிபார்.

"ஆட்டை ஒளிச்சு வெச்சுத் தின்னவன்னு என் தம்பிக்குப் பேர் வாங்கித் தரப் போறியா? வாயை மூடிக்கிட்டு மாவைப் பிசைடி."

ஜிபார் மாவைப் பிசைந்தாள். தமீரா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமையும் கொட்டகையில் தையல் உண்டு, ஜிபார் மட்டும் போகவில்லை. வளவில் கம்பளம் விரித்தார்கள். ஒரு சிறுவன் ஓடிவந்து நூலை அறுத்தான். இரண்டு பேர் பெர்மெத்தின் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். முழங்கால் மடங்கி அவள் உட்கார்ந்துவிட்டாள். நாளைக்கு நடப்பாள் என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு கறி வெந்தது. எந்த எலும்பு யாருக்கு என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் கிடையாது. இடுப்பெலும்பு சபையில் பெரியவருக்கு. தொடையும் மற்றதும் வயதுப்படி இறங்கும். பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் கிள்ளி நீட்டுவது. சூரா கூட்டிவந்த தையல்காரிகளின் பிள்ளைகள் தேநீர்க் கிண்ணத்தோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜிபார் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு ஆண்களைத் தாண்டி நடந்தாள்.

"ஏட்டி, இந்தப் பக்கம்," என்றாள் தமீரா.

"வழி தெரியும் மதினி."

சுவரோரம் உட்கார்ந்து தேநீர்க் கிண்ணங்களை ஒதுக்கிவைத்தாள். ஈரலை நறுக்கி ஒவ்வொரு பிள்ளையின் வாயிலும் வைத்தாள். இடுப்பெலும்பைப் பெர்மெத்தின் மடியில் வைத்தாள். அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு சப்பத் தொடங்கினாள்.

ஓமுர்பெக்தான் ஆரம்பித்தார். "என் பல்லெல்லாம் விழுந்துடுச்சுன்னு யாரும்மா சொன்னது?" ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

"உங்களுக்குச் சாறு இருக்கு பெரியவரே. பிள்ளைங்க தின்னதும் கறியும் வரும்."

"அந்த எலும்புக்குன்னு ஒரு வயசு இருக்கு."

"உங்க எலும்பு வளர்ந்து முடிஞ்சது. இவளோடது இப்பத்தான் வளரணும்."

அவர் எழுந்தார். "கையெழுத்துன்னு இனி என் வாசல்ல வந்து நிக்காதே. மாசம் முடிஞ்சதும் அறையைக் காலி பண்ணிடு."

"பண்றேன். இந்த வளவில யாருக்காச்சும் நீங்க போட்ட கையெழுத்து ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க, எலும்பைக் கழுவி உங்க தட்டுல கொண்டாந்து வைக்கிறேன்."

மற்ற மூன்று குடித்தனக்காரர்களும் தரையைப் பார்த்தார்கள். ஓமுர்பெக் போனார். இரண்டு கிழவர்கள் அவர் பின்னால் போனார்கள். மற்றவர்கள் எழுந்திருக்கவில்லை. சாறு கொதித்துக்கொண்டிருந்தது.

"தம்பி கேட்டா நான் என்னடி சொல்லுவேன்?" என்றாள் தமீரா.

"'உன் பொண்ணு ஈரல் தின்னா'ன்னு சொல்லுங்க."

தமீரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சூராவின் பிள்ளைகளில் ஒன்று கறியைக் கடிக்க முடியாமல் வாயில் அடக்கிக்கொண்டு திணறியது. தமீரா அதைப் பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து பொடியாக நறுக்க ஆரம்பித்தாள்.

பிள்ளைகளை அழைத்துப் போகத் தாய்மார்கள் வந்தார்கள். காலையில் எல்லோரும் பிள்ளைகளோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், பதிவில்லாமலேயே மருந்து கேட்போம் என்றாள் ஜிபார். ஒருநாள் கூலி போகுமே என்றாள் ஒருத்தி. போகும் என்றாள் ஜிபார்.

"திருப்பித்தான் அனுப்புவாங்க," என்றாள் சூரா.

"அனுப்பட்டும். மறுநாளும் போவோம்."

சொல்லிவிட்டு அடுத்த துண்டை ஊதி ஆற்றினாள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை காத்திருந்தது.