போட்டுக்குள் படுத்திருந்த ஆள்

“பாஸ், எங்கட போட்டுக்குள்ள ஒரு ஆள் படுத்திருக்கிறார்.”

சல்லி மீனவக் கிராமத்திலிருந்து வந்த யோகன் என் பட்டறை வாசலில் நின்று இப்படிச் சொன்னபோது நான் சிரித்தேன்.

“குடிச்சிட்டுக் கிடந்தா தண்ணியை ஊத்தி எழுப்பன்.”

“எழுப்ப ஏலாது பாஸ். போட்டுக்கு மேல இல்லை. அடித்தட்டு பைபருக்குள்ள படுத்திருக்கிறார்.”

தொலைபேசியில் படம் காட்டினான். நான் கட்டிக் கொடுத்த நீல நிறப் பதினெட்டடி போட். உள்தரையில் பெயின்ற் தேய்ந்த இடத்தில், பால் கலந்த மாதிரி வெள்ளையாக ஓர் உருவம். இரண்டு கையையும் விரித்து மல்லாந்து கிடந்தது. யோகன் கேட்டான், “இது என்ன பாஸ்?”

“வந்து பாத்துச் சொல்லுறன்” என்றேன். எனக்கு வந்து பார்க்கத் தேவையில்லை. அது என்ன என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

வாலிபர் கூட்டத்துத் தம்பி தங்கைமார், விசுவாசம் இல்லாதவர்களுக்கு நற்செய்தி சொல்வது எப்படி என்று சபை மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். நான் படித்தது ஆறாம் வகுப்பு. வேதாகமக் கல்லூரியின் வாசற்படி கண்டதில்லை. ஆனால் ரெசின் பசை எந்த நிமிடம் இறுகும் என்பதை மூக்காலேயே சொல்லுவேன். நிலாவெளி முதல் கிண்ணியா வரை என் கையால் போன போட்டுகளை எண்ணினால் ஒரு துறைமுகம் நிரம்பும். கூலிக்கு மணல் அள்ளிய நான் சொந்தப் பட்டறை போட்டேன். ஒருவரிடமும் கைகட்டி நின்றதில்லை. ஆகவே எனக்குத் தெரிந்ததை, ஒரு போட்டின் கதையை, எழுதுகிறேன்.

1. நான் வைத்த இரகசியம்

பைபர் போட் கட்டுவது விளங்கினால்தான் நான் செய்த பிழையும் விளங்கும். அச்சுக்குள் முதலில் நிறம் கலந்த ஜெல் கோட் பூச வேண்டும். அதன்மேல் மேட் என்கிற கண்ணாடி நார்ப் பாயை விரித்து, ரெசின் ஊற்றி, ரோலரால் உருட்டி, காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லாமல் அமுக்க வேண்டும். பிறகு அடுத்த மேட். எல்லாம் ஒன்றாக இறுகி ஒரே உடம்பாகிவிடும். நடுவில் ஒரு தும்பு கிடந்தாலும் அந்த இடம் ஒட்டாது. என்னிடம் வேலை பழகியவர்கள் வியர்வைத் துளி விழுத்தினாலே ஏச்சு வாங்குவார்கள்.

அப்படிப்பட்ட நான்தான், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கட்டிய சில போட்டுகளில் இரண்டு மேட்டுக்கு நடுவே காகிதச் சிலுவை வைத்தேன். மெல்லிய காகிதம், விரல் நீளம். ரெசின் குடித்ததும் கண்ணாடிபோல மறைந்துவிடும். இவர்கள் காதால் கேட்கமாட்டார்கள், காலுக்குக் கீழேயாவது ஆண்டவர் போகட்டும் என்று எண்ணினேன். அதைப் பெரிய ஊழியமாக நினைத்து, இரவில் தனியே சந்தோஷப்பட்டேன். மொத்தம் பதினொரு போட்.

கடைசியாக வைத்தது யோகனின் போட்டில். அவனுடைய அண்ணன் ரவி கடலுக்குப் போய் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, தாய் தெய்வானை யோகனோடு வந்து புதுப் போட் கட்டித் தரச் சொன்னா. துக்க வீட்டுக்கு ஆறுதல் சொல்ல இதுதான் நேரம் என்று நான் அங்கேயே தொடங்கினேன். பாவம், மரணம், நியாயத்தீர்ப்பு, எல்லாம் ஒரே மூச்சில். அவ கையை உயர்த்தினா.

“அண்ணை, இப்ப போட்டைத் தாங்கோ. கதையை வேற நாளைக்கு வச்சிருங்கோ.”

என் வேலையாட்கள் முன்னால் சொன்னது எனக்குச் சுட்டுவிட்டது. அந்தக் கோபத்தில் மெல்லிய காகிதம் போதாது என்று பட்டது. பழைய கலண்டர் மட்டையை எடுத்து ஒரு முழ நீளத்தில் சிலுவை வெட்டி, அச்சடித்த பக்கத்தைக் கீழே திருப்பி வைத்தேன். மினுங்குகிற மட்டை ரெசின் குடிக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மேலே மேட்டை விரித்து உருட்டினேன்.

2. மத்தியானச் சத்தம்

சல்லிக் கரைக்கு நான் போனது உச்சி வெயில் நேரம். காற்று இல்லை. கரையில் நாய்கூட இல்லை. யோகனின் போட் மணலில் கிடந்தது. அதன் தரையில் ஒரு வெள்ளை வேட்டி விரித்து, தலைமாட்டில் செவ்வரத்தம் பூவும் ஒரு கோப்பை பால்தேத்தண்ணியும் வைத்திருந்தது. தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது.

“வாங்கோ அண்ணை” என்றா தெய்வானை. “பிள்ளையைப் பாக்க வந்தனீங்களோ?”

வேட்டியை விலக்கினா. படத்தில் கண்டதைவிட அது பெரிது. நான் வைத்தது ஒரு முழம். இது இரண்டு முழத்தைத் தாண்டியிருந்தது. நான் வெட்டிய சிலுவையின் மேல்நுனி சதுரம். அது உருண்டு, ஒரு தலையாகி, இடப்பக்கம் சரிந்திருந்தது. அந்தத் தலையின் வடிவத்தை நான் வெட்டவில்லை.

“இதைக் கேளுங்கோ.” போட் விளிம்பில் விரல் முட்டியால் தட்டினா. இரும்புபோலக் கணீரென்றது. பிறகு குனிந்து அந்த உருவத்தின் நடுவில் தட்டினா. டொப். “கேட்டுதோ? மற்ற இடம் போட். இந்த இடம் மட்டும் ஆளின்ர நெஞ்சிலை தட்டின மாதிரி. நான் தட்டினா அவன் பதில் சொல்லுறான்.”

நானும் தட்டினேன். டொப். என் தொழிலில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான்: மேட் பிரிந்துவிட்டது, உள்ளே தண்ணீர் போய் வெள்ளையாகப் பரவுகிறது. பெருவிரலால் அமுக்கினேன். உருவத்தின் விலாப் பக்கத்திலிருந்து ஒரு துளி கசிந்தது.

“வியர்க்குது பாருங்கோ” என்றா அவ, முந்தானையால் மெல்ல ஒற்றிக்கொண்டே.

வைத்தவன் நான். ஏன் வளர்ந்தது, ஏன் கசிகிறது எல்லாம் தெரிந்தவன் நான். அப்படியிருந்தும் விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டேன்.

யோகன் வாடிக் குடிசைக்குள்ளிருந்து வந்தான். அவனுடைய லைஃப் ஜாக்கெட் வாடிக் கம்பில் தொங்கி, சிலந்தி வலை கட்டியிருந்தது. “இப்ப அது தேவையில்லை பாஸ்” என்றான். “நேற்றுக் கடும் காத்து. ஒருத்தரும் போகேல்லை. நான் போனனான். அண்ணன் கீழ இருக்கேக்க என்ன பயம்?”

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அடி பிரிந்திருக்கிறது, ஒரு பெரிய அலை ஓங்கி அடித்தால் பாய் சுருட்டினாற்போல உரியும், கடலுக்குப் போகாதே என்று. அதைச் சொன்னால் ஏன் பிரிந்தது என்றும் சொல்ல வேண்டும். பிழையே விடாத ஞானம் பாஸ் என்று பேரெடுத்த நான் எப்படிச் சொல்வது? “பாப்பம்” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்து, அன்புவழிபுரத்தில் வீட்டு வாசல் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

3. சாட்சி

படம் ஊரெல்லாம் சுற்றி எங்கள் பாஸ்டரிடமும் வந்துவிட்டது. அவருக்கு ஆள் தெரியவில்லை, சிலுவை தெரிந்தது. வீட்டுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணை, உங்கட கையாலை செய்த போட்! ஒரு மனுசன் வரையாமல் தானா வந்திருக்கு! ஞாயிற்றுக்கிழமை ஸ்கிரீனிலை போடுவம். நீங்க எழும்பிச் சாட்சி சொல்லுங்கோ.”

அவர் நல்ல மனிதர். அவருக்கு ஒன்றும் தெரியாது. மறுக்க எனக்கு வாய் வரவில்லை என்று எழுதினால் அது பொய். எனக்கு அந்தப் புகழ் ருசித்தது. அன்று மாலை கண்ணாடி முன்னால் நின்று அந்தச் சாட்சியை ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சுவர்க் கலண்டர் கண்ணாடியில் என் தோளுக்குப் பின்னால் தெரிந்தது. காற்று இல்லாத அறையில் அதன் தாள் ஒருமுறை எழுந்து அடங்கியது. நான் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

சனிக்கிழமை விடிய வாடைக்காற்று ஊளையிட்டது. பல்கூட விளக்காமல் சல்லிக்குப் போனேன்.

4. கரையில்

போட்டுகளெல்லாம் மணலில் இழுத்துக் கிடந்தன. ஒன்றைக் காணவில்லை. போட் கிடந்த இடத்தில் அந்த வெள்ளை வேட்டி மட்டும் நாலு கல் வைத்து விரித்திருந்தது. அதன் பக்கத்தில் தெய்வானை இருந்தா.

“எங்க யோகன்?”

“மூண்டு மணிக்குப் போனவன். ஏன் அண்ணை நடுங்குறீங்கள்? அவன் தனியப் போகேல்லையே.”

அவவுடைய முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஒரு பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய், மற்றப் பிள்ளையை அந்தக் காற்றுக்குள் அனுப்பிவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தா. அந்தத் துணிச்சலைக் கொடுத்தது என் கலண்டர் மட்டை. நான் அந்தக் குடும்பத்துக்கு என் ஆண்டவரைக் கொடுப்பதாக நினைத்தேன். அவர்கள் கையில் இருந்தது ஒரு பேய்.

எட்டு மணி. ஒன்பது. ஒவ்வொரு வெள்ளை நுரையும் கவிழ்ந்த போட்டாகத் தெரிந்தது. ஜெபிக்க முயன்றேன். “ஆண்டவரே, நான்தான்” என்பதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்தரைக்கு நீல நிறம் தெரிந்தது. போட் தண்ணீரில் தாழ்ந்து, சாய்ந்து வந்தது. யோகன் ஒரு கையால் என்ஜினைப் பிடித்து மறுகையால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். இழுத்து ஏற்றினோம். உருவத்தின் விலாவில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு.

“அண்ணன் காப்பாத்திப் போட்டான் அம்மா” என்றான், மூச்சு வாங்க.

அதற்குமேல் என்னால் ஒளிக்க ஏலவில்லை. “தங்கச்சி, அது ரவி இல்லை” என்றேன். “அது கலண்டர் மட்டை. சிலுவை மாதிரி வெட்டி நான் வச்சனான். உங்களுக்குச் சொல்லாமல் வச்சனான். அதாலைதான் போட் வெடிக்குது.”

யோகன் இறைத்த வாளியைத் தூக்கி எறிந்தான். “என்ட உயிரோடயா பாஸ் விளையாடினனீங்கள்?”

“பொறு தம்பி” என்றா தாய். போட்டுக்குள் ஏறி, குனிந்து தட்டினா. டொப். காதை வைத்துக் கேட்டா. இன்னொருமுறை தட்டினா. பிறகு என்னைப் பார்த்தா.

“இவ்வளவு நாளும் நான் கடதாசியோடையோ கதைச்சனான்?”

“ஓம்” என்றேன்.

“அண்ணை, வேற நாளைக்கு வச்சிருங்கோ எண்டுதானே அண்டைக்குச் சொன்னனான். வர வேண்டாம் எண்டு சொன்னனானோ? நாலு வருசம். ஒரு நாள் வந்து, பிள்ளை இல்லாமல் எப்பிடி இருக்கிறாய் எண்டு கேட்டிருந்தா, உங்கட சாமியின்ர கதையையும் கேட்டிருப்பன். நீங்கள் வரேல்லை. மட்டையை அனுப்பினீங்கள்.”

முப்பது வருடம் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். என்னைப் பிளந்தது இதுதான்.

“அறுத்து எடுங்கோ” என்று சொல்லிவிட்டு, கடலைப் பார்த்துத் திரும்பி நின்றா.

மோட்டார் சைக்கிள் பெட்டியில் இருந்த கிரைண்டரை எடுத்து, வாடியிலிருந்து மின்சாரம் இழுத்து வைத்ததும், தோல் கிழிந்து தண்ணீர் பீறிட்டது. பழைய வினாகிரி மணம். அது எப்போதும் வருவதுதான், உள்ளே தண்ணீர் தங்கினால் ரெசின் அப்படிப் புளிக்கும். தெரிந்திருந்தும் கிரைண்டரை ஒருமுறை நிறுத்திவிட்டுத்தான் தொடர்ந்தேன். மட்டை பஞ்சாக ஊறிக் கையோடு வந்தது. சிவப்பும் கறுப்புமாகத் தேதி எண்கள் அதில் இன்னும் இருந்தன.

“எந்த மாசம்? ரவியைக் கடல் கொண்ட மாசமோ?” என்றா, திரும்பாமலே.

பார்த்தேன். மாதத்தின் பெயர் அழிந்துபோயிருந்தது. அவ கையை நீட்டினா. கொடுத்தேன். வெள்ளை வேட்டியில் அதைச் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு கரையோடு நடந்தா. என்ன செய்தா என்று நான் கேட்கவில்லை. யோகனும் கேட்கவில்லை.

5. மற்றப் போட்டுகள்

ஞாயிற்றுக்கிழமை சபையில் எழும்பினேன். சாட்சி சொல்லத்தான். நடந்ததை நடந்தபடி சொன்னேன். பாஸ்டர் ஸ்கிரீனை அணைத்தார். ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை.

அடுத்த கிழமையிலிருந்து மற்றப் போட்டுகளைத் தேடிப் போனேன். கிண்ணியாவில் ஒரு ஹாஜியார், தன் கதிரையை எனக்குத் தந்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

“அப்ப எனக்கிட்டக் கேக்காம என்ட போட்டுக்கு ஞானஸ்நானம் குடுத்திட்டீங்க? அதான் பாஸ், ஞாயிற்றுக்கிழமையில மட்டும் மீன் வலைக்கு வாறதில்லை!” சிரித்து முடித்து, முகம் மாறிக் கேட்டார்: “போட் நல்லாத்தான் ஓடுது. நீங்க சொல்லாட்டி ஒருத்தனுக்கும் தெரியாது. உங்கட பேர்தான் கெடும். பிறகென்னத்துக்கு வந்து சொல்றீங்க?”

பஸ் நிலையத்தில் துண்டுப்பிரசுரம் கொடுத்திருக்கிறேன். ஒலிபெருக்கி பிடித்திருக்கிறேன். இத்தனை வருடத்தில், “ஏன்?” என்று ஒரு ஆள் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“ஹாஜியார், நான் செய்தது எல்லாம் தெரிஞ்சும் ஒருத்தர் என்னை மன்னிச்சிருக்கிறார். அவருக்கு முன்னால இதை ஒளிச்சு வச்சிருக்க ஏலாது” என்றேன். அவர் மேலும் கேட்டார். நான் கேட்டதற்கு மட்டும் சொன்னேன். தேத்தண்ணி இரண்டு முறை வந்தது. பிறகு அவர் தொழுகைக்குப் போனார், நான் அவருடைய போட்டைத் தட்டிப் பார்க்கப் போனேன். அந்தச் சிறு காகிதம் இருந்த இடத்தையும் அறுத்துப் புதிதாக மேட் போட்டுக் கொடுத்தேன்.

தம்பி தங்கைமாரே, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். ஒருவருக்குத் தெரியாமல் அவருக்குள் ஒன்றையும் வைக்காதீர்கள், அது ஒட்டாது. வேறு நாள் வரச் சொன்னால் வேறு நாள் போங்கள். முதலில் உங்கள் பிழையைச் சொல்லுங்கள், கேட்டால் ஆண்டவரைச் சொல்லுங்கள். தெய்வானை வீட்டுக்கு இப்போது மாதம் ஒருமுறை போகிறேன். ரவியைப் பற்றித்தான் கதைப்போம். அவ இன்னும் மற்றக் கதையைக் கேட்கவில்லை. நான் அவ வீட்டுக் கதிரையில் இருந்து காத்துக்கொண்டிருக்கிறேன்.

பதினொன்றில் பத்தைத் தேடிப் பிடித்துவிட்டேன். ஒன்று, புல்மோட்டைப் பக்கம் விற்று, அங்கிருந்து கைமாறி, எங்கே என்று தெரியாது. அதுவும் நீல நிறம். ஆகவே எந்தக் கரைக்குப் போனாலும், நீலப் போட்டைக் கண்டால் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுக் குனிந்து தட்டுகிறேன். கணீரென்று சத்தம் வரும்வரை மூச்சு விடுவதில்லை.