பவுடர் பூசிய முகம் செல்லாது

இங்கே பெண்கள் பால்மரம் வெட்டப் போகும்போது, ரவிக்கைக்குள் தங்கள் முகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு போகிறார்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சர்க்கார் கொடுத்த அடையாளக் கார்டில் அவரவர் படம் ஒட்டியிருக்கும். அதை மெழுகுத்துணியில் சுற்றி, மழையும் ரப்பர் மரத்துக் கித்தாப்பாலும் படாத இடமாகப் பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில், வேலையை மேய்க்கும் மண்டோர் பேர் கூப்பிட்டு முடித்ததும், முள்வேலி வாசலில் நிற்கும் போலீஸ்காரர் கார்டைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், மறுபடியும் கார்டைப் பார்ப்பார். பிறகுதான் வாசல் திறக்கும். ஊரில் இருக்கும் நீங்கள், வீட்டை விட்டு இறங்குமுன் நான் நான்தான் என்று யாரிடமாவது நிரூபித்துவிட்டா போகிறீர்கள்? மலாய் நாட்டு நெகிரி செம்பிலானில், லாபு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருக்கும் நாங்கள் தினமும் நிரூபிக்கிறோம். என் கணவர் இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர். நான் இங்குள்ள தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை.

காட்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்கும் சர்க்காருக்கும் சண்டை. அதற்கு அவசரகாலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வருஷக்கணக்கில் நீளும் அவசரத்தை நான் இங்கேதான் பார்க்கிறேன். ஆரம்பத்தில் எல்லோருக்கும் கார்டு என்று சொல்லிப் படமெடுக்க ஆட்கள் வந்தார்கள். வெட்டிக்கொண்டிருந்தவர்களை அவரவர் மர வரிசையான நிறையிலிருந்து அப்படியே கூட்டிவந்து, ஸ்டோர் சுவரோரம் வரிசையாக நிறுத்தினார்கள். முகம் கழுவக்கூட விடவில்லை. ஒவ்வொருவர் நெஞ்சுக்கு முன்னாலும் எண் எழுதிய ஸ்லேட்டைப் பிடிக்கச் சொன்னார்கள். ஸ்லேட்டு அவர்கள் கொண்டுவந்ததல்ல, என் பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கிப்போனது. பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதிக் காட்டிய ஸ்லேட்டைக் கொடுத்து, பெற்றவர்களைத் திருடர்களைப் போலப் படமெடுத்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். பிடித்துக்கொண்டு நின்றேன்.

அஞ்சலை என்று ஒரு பால்வெட்டுக்காரி. அவள் புருஷன் ஜொகூர் பக்கத்துத் தோட்டத்துக்கு இன்னொருத்தியோடு ஓடிப்போய் இரண்டு வருஷமாகிறது. நாலு வயதுப் பெண் குழந்தையோடு லயத்து வரிசை வீட்டில் தனியாக இருக்கிறாள். ஒருநாள் அவள் நிறையில் காட்டு ஆட்கள் இரண்டு பேர் வந்து நின்று, கார்டைக் கேட்டு வாங்கி, கண்ணெதிரிலேயே கிழித்து, மரத்தில் மாட்டிய மங்குக் கிண்ணத்தில் இருந்த பாலில் போட்டுவிட்டுப் போனார்கள். சர்க்காரின் கார்டை வைத்திருப்பது அவர்களுக்குத் துரோகமாம். கார்டு இல்லாமல் இருப்பது சர்க்காருக்குக் குற்றம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். கார்டு இல்லாததால் வாசலைத் தாண்ட முடியாது, வேலையும் கிடையாது. கார்டைக் காட்டினால்தான் பங்கு அரிசி, அதனால் அவளுக்கும் குழந்தைக்கும் அரிசி கிடையாது. புதுக் கார்டு வேண்டுமானால் பாஸ்போர்ட் அளவில் படம் கொடுக்க வேண்டும். படமெடுக்கச் சிரம்பான் டவுனுக்குப் போக வேண்டும். சிரம்பான் போக வாசலில் கார்டு காட்ட வேண்டும்! ஸ்டூடியோக்காரரை இங்கே வரச் சொல்லலாம் என்றால், தோட்டத்து ரோட்டில் சுடுவார்கள் என்று வர மறுத்துவிட்டார். பக்கத்து வீட்டார் தங்கள் பங்கிலிருந்து ஒரு பிடி அரிசி கொடுக்கவும் பயந்தார்கள், காட்டு ஆட்களுக்கா போகிறது இந்த அரிசி என்ற விசாரணை வரும். மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்றுகொண்டிருந்தாள். மத்தியானத்தில் குழந்தையை மட்டும் என் வீட்டுக்குக் கூட்டிவந்து, கதவைச் சாத்திவிட்டுச் சோறு போட்டேன். பசித்த பிள்ளைக்குச் சோறு போட எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்?

"நாமே எடுத்தால் என்ன?" என்று என் கணவரிடம் கேட்டேன். எனக்கு அந்த வேலை தெரியும். என் அண்ணன் மன்னார்குடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாணமாகும்வரை பின்னறையில் அவருக்கு மருந்து கலக்கிக் கொடுத்து, படம் கழுவி, கிளிப்பில் மாட்டிக் காயவைத்தது நான்தான். அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வந்தாலும், முகம் கழுவி, தலை வாரி, பவுடர் போடாமல் நாற்காலியில் உட்கார விடமாட்டார். மூட்டை தூக்குகிறவர் வந்தால் ஸ்டூடியோ கோட்டை மாட்டிவிடுவார். மனுஷன் ஆயுசில் ஒரு தடவை படம் எடுக்கிறான், அன்றைக்காவது ராஜாவாக இருக்கட்டுமே என்பார். படம் என்றால் அதுதான் என்று நானும் நம்பிக் கப்பல் ஏறியவள்.

வாரத்துக்கொரு முறை மருந்து வாங்கச் சிரம்பான் போகும் என் கணவர் பிலிமும் தாளும் கழுவும் உப்புகளும் வாங்கிவந்தார். வீட்டில் பழைய பெட்டிக் காமிரா ஒன்று இருந்தது. அதில் கிட்டத்தில் இருக்கும் முகம் மங்கலாக விழும். அவருடைய வாசிப்புக் கண்ணாடியை லென்சுக்கு முன்னால் பிடித்து, மூன்றடிக்குக் கொஞ்சம் கூட இருக்கும்படி கயிறு அளந்து நாற்காலியைப் போட்டேன். பின்னால் வெள்ளை வேட்டி கட்டினேன். அஞ்சலை தலைத்துண்டோடு வந்து நின்றாள்.

"இப்படியேவா உட்காரப் போறே? போய் மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றேன்.

"கார்டுக்குத்தானே டீச்சரம்மா? இது போதும்லா."

"ஒன்ன திரும்பவும் திருடி மாதிரி நான் எடுக்கமாட்டேன்."

என் பச்சைப் பட்டுப்புடவையைக் கட்டிவிட்டேன். தலை வாரிப் பூ வைத்து, கன்னத்தில் பவுடர் போட்டேன். கண்ணாடியில் பார்த்தவள் வெட்கத்தில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு போகுமுன் விசையைத் தட்டிவிட்டேன். ஜன்னல் இல்லாத சாமான் அறையில், சிவப்புத் துணி சுற்றிய விளக்கு வெளிச்சத்தில் கழுவினேன். கழுவும் மருந்தின் வேலையை நிறுத்தக் கொஞ்சம் புளித்த நீர் வேண்டும். ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணியிடம் சொல்லி, ரப்பர்ப் பாலை உறையவைக்கும் ஆசிட்டில் நாலு சொட்டு வாங்கித் தண்ணீரில் கலந்துகொண்டேன். பீங்கான் தட்டுக்குள் அவள் முகம் மெல்ல மேலே வந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கார்டுக்குப் பதிவு செய்கிற சர்க்கார் கிராணி, மலாய்க்கார இளைஞர், ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் போலீஸ் ஜீப்பில் வருவார். படத்தை வாங்கி, ஃபைலிலிருந்த பழைய ஸ்லேட்டுப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எதிரில் நின்ற அஞ்சலையை ஒருமுறை பார்த்தார். பிறகு இரண்டு படத்தையும் என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இனி லாயின் ஓராங்லா, சிக்கு" என்றார். இது வேற ஆளு, டீச்சர் என்று அர்த்தம்.

அது பவுடர்தான் என்று சொல்ல எனக்கு மலாய் வரவில்லை. கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துக் காட்டினேன். பல்வலி என்று நினைத்துக்கொண்டு, பரிதாபத்தோடு ஆஸ்பத்திரிப் பக்கம் கை காட்டினார். பிறகு மண்டோர் வந்து விளக்கிச் சொன்னார். கிராணி அனுதாபமாகவே கேட்டார், தலையை மட்டும் ஆட்டினார். ஃபைலில் இருப்பது போல இருக்க வேண்டும். வெள்ளைக்கார அதிகாரி இரண்டையும் ஒத்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்.

ஆக, இன்னும் இரண்டு வாரம். அத்தனையும் என் பட்டுப்புடவையால். என் ஆசைக்கு அவளும் குழந்தையும் கிழங்கு தின்ன வேண்டியதாயிற்று என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் என்னைத் திட்டியதோடு கோபம் அடங்கவில்லை. தலை வாரினால் இவள் வேறு ஆளா? சிரித்தால் வேறு ஆளா? வெயிலில் காய்ந்து, பால் தெறித்து, களைத்து நிற்கும்போதுதான் சர்க்காருக்கு எங்களைத் தெரியுமா? இத்தனைக்கும் இந்த நாட்டின் ரப்பரெல்லாம் இவர்கள் கையால் வந்தது.

அஞ்சலைக்கு என்மேல் கோபமே இல்லை. மறுநாளே தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "மூஞ்சிய எப்படி வச்சிக்கணும் டீச்சரம்மா?" என்று கேட்டாள். அவளாகவே உதட்டை இறுக்கி, கண்ணைச் சுருக்கி, மத்தியான வெயிலில் நிற்பதுபோல் ஒரு முகம் வைத்தாள். அடுத்த முறை வந்த கிராணி பார்த்ததும், "ஹா, இனி பாரு ஸாமா!" என்று சந்தோஷப்பட்டார். இப்போதுதான் ஒரே மாதிரி இருக்கிறதாம். தற்காலிகச் சீட்டு கிடைத்தது, அன்றைக்கே அரிசியும் கிடைத்தது. சில வாரங்களில் கார்டும் வந்தது.

செல்லாத படத்தை என்ன செய்வது என்று கேட்டேன். ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் தன் தாய்க்கு அனுப்பச் சொன்னாள். யுத்தத்துக்கு முன்னால், பதினாலு வயதில் சித்தப்பாவோடு கப்பலேறியவள். அதற்குப் பிறகு தாய் அவளைப் பார்த்ததில்லை. நானே கடிதமும் எழுதி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து, யாரையோ விட்டு எழுதிய பதில் வந்தது. அஞ்சலை என்னைப் படிக்கச் சொன்னாள். உறைக்குள்ளேயே அந்தப் படமும் இருந்தது.

'பட்டுப்புடவை கட்டிய அம்மாளின் படம் கிடைத்தது. உன் எஜமானியம்மாளா? மகராசி, நன்றாக இருக்கட்டும். அடுத்தவர் பொருள் நமக்கு எதற்கு, உடையவர்களிடம் கொடுத்துவிடு. உன் படத்தை எப்போது அனுப்புவாய்?'

படித்து முடித்ததும் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அஞ்சலை படத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அந்த இன்னொரு படம் இருக்குல்ல, துண்டு கட்டினது? அத அனுப்புங்க டீச்சரம்மா. ஆத்தாவுக்குப் பாத்ததும் தெரிஞ்சிரும். களை வெட்டிட்டு வந்து நிக்கையில அவளும் அப்படித்தான் இருப்பா."

அன்றே இன்னொரு பிரதி போட்டுக் கப்பல் தபாலில் சேர்த்தேன். ஒரே பிலிமின் ஒரு படம் இந்த நாட்டு முத்திரையோடு அவள் ரவிக்கைக்குள் இருக்கிறது, இன்னொன்று ஆத்தூருக்குப் போகிறது. பூ வைத்துச் சிரிப்பவள் மட்டும் என் அலமாரியில் இருக்கிறாள். இரண்டு தேசத்திலும் அவளை யாருக்கும் தெரியவில்லை.