தாழைத்தோப்பில் வாய் திறந்தவள்

ஓடிப்போனாள் என்று சொல்லாதீர்கள். ஓடுகிறவளுக்கு முகம் கழுவ நேரம் இருக்குமா? வாம்பே ஓடையில் குளித்தாள். பன்றிக்கொழுப்பைத் தேய்த்து முகத்தைப் பளபளப்பாக்கிக்கொண்டாள். வலைப்பையின் வாரை நெற்றியில் மாட்டி, பட்டப்பகலில், ஊர் நடுவே நடந்து போனாள். கடற்கரைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்தவனோடு போய்விட்டாள் என்று ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். அவள் கூடப் போனது யார் என்று எனக்குத் தெரியும். அவன் அந்தப் பைக்குள் இருந்தான். கடைசியில் சொல்கிறேன்.

புத்தி பேதலித்துத் தாழைத்தோப்பைக் கெடுத்துவிட்டாள் என்பது இன்னொரு பேச்சு. கெடுத்தாள், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் புத்தி பேதலித்துச் செய்யவில்லை. நன்றாக யோசித்து, காத்திருந்து, பொறுமையாகச் செய்தாள். அவளிடமிருந்து அந்தப் பெருமையையாவது பிடுங்காமல் விடுங்கள்.

கிளுவே மலையில் தாழை காய்க்கிற பருவத்தில் தோப்புக்கு ஏறுகிறவர்கள் கீழ்ப்பேச்சைக் கீழேயே விட்டுவிட்டு ஏற வேண்டும். இது இங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். மேலே தாழைப்பேச்சுதான். அதில் சொற்கள் கொஞ்சம். கைக்கும் காலுக்கும் ஒரே சொல், நாய்க்கும் பன்றிக்கும் ஒரே சொல் என்று இழுத்துப் பிடித்து ஒப்பேற்ற வேண்டும். வீட்டில் பேசுகிற மாதிரி மேலே பேசினால் காட்டை ஆளுகிற ஆவிகள் கேட்டுவிடும். கொட்டைக்குள் பருப்பு இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். பேசினவனும் உருப்பட மாட்டான். மலைக்கு இந்தப் பக்கத்து நாமும் அந்தப் பக்கத்து வாம்பேயின் ஆட்களும் கீழே பேசினால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. மேலே போனால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே வாய்.

வாம்பே அந்தப் பக்கத்திலிருந்து யாலோவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மாமியார் ரெமனு அவள் பேச்சைப் பறவைப் பேச்சு என்பாள். யாலோவின் அண்ணன் கிராப்பா அதைவிட மோசம். அவள் தன் பன்றிக்குட்டியைத் தாய்மொழியில் கொஞ்சினால், "பன்னிக்காவது நல்ல பேச்சுக் கத்துக் குடு புள்ள" என்று எல்லோரும் சிரிக்கும்படி சொல்வான். அந்தப் பக்கத்துப் பேச்சில் தனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது என்பதை ஒரு பெருமைபோல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் பொறுத்துக்கொண்டாள். கிழங்கு நட்டாள், பன்றி வளர்த்தாள், நமது பேச்சை நம்மைவிடச் சுத்தமாகப் பேசக் கற்றாள்.

அவளுக்கு ஒரு தம்பி, கெலே. அவர்கள் அப்பா நட்ட தாழை மரங்கள் தோப்பின் ஓரத்தில், பெரும்பள்ளத்தை ஒட்டி நின்றன. அப்பாவுக்குப் பின் அவை கெலேயுடையவை. காய்க்கிற பருவத்தில் அவன் மலையேறி வருவான், அக்காளைப் பார்ப்பான், தன் மரத்துக் கொட்டைகளைக் காட்டுக்கொடியால் கட்டிச் சுமந்துகொண்டு போவான். அந்த மரங்களின் மேல் கிராப்பாவுக்கு வெகுநாளாகக் கண்.

ஒரு பருவத்தில் கெலே வந்தான். அக்காளைப் பார்க்க இறங்கி வரவில்லை. பெரும்பள்ளத்தின் வாயைப் பாசி மூடியிருக்கும், மிதித்தால்தான் தெரியும். அவன் உள்ளே போய்விட்டான். கால் முறிந்த நிலையில் பனியில் கிடந்து செத்திருக்கிறான். நாட்கள் கழித்து நாற்றம் பிடித்து வந்த நாய்கள் காட்டிக்கொடுத்தன.

கிராப்பா அப்போது தோப்பில்தான் இருந்தான். அவனே அதைச் சொன்னான், மறைக்கவில்லை. பள்ளத்துப் பக்கமிருந்து ஏதோ சத்தம் கேட்டது, தாழைப்பேச்சு இல்லை, மனுஷப் பேச்சு மாதிரியும் இல்லை, மனிதனைப்போலக் கத்தி ஆளை இழுக்கிற காட்டு ஆவி என்று நினைத்தேன், பதில் சொல்லியிருந்தால் தோப்பே போயிருக்கும் என்றான். பெரியவர்கள் தலையசைத்தார்கள். முறைப்படி அவன் செய்தது சரி. மலை ஒருவனை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். யாரும் யாருக்கும் உயிருக்கு ஈடாகப் பன்றி கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த பருவத்தில் பள்ளத்தோர மரங்களின் அடியைக் கிராப்பா தன் மரம்போலச் செதுக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தான்.

வாம்பே வெள்ளைக் களிமண்ணை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு துக்கம் காத்தாள். தம்பியின் எலும்புகளைப் பாறை இடுக்கில் வைத்தாள். கிராப்பா சொன்னதை அவளும் நம்பினாள். அதுதான் பிற்பாடு அவளை அதிகம் சுட்டது.

அதற்கப்புறம் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். பேச்சுகளைத் தேடி ஊர் ஊராக நடக்கிறவர். சவுக்கு மரத்தடியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, தண்ணீருக்கு என்ன, பன்றிக்கு என்ன, நான் என்பதற்கு என்ன, நீ என்பதற்கு என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வேலை வெட்டி இல்லாதவர் என்று எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் புகையிலை கொடுத்தார், அதனால் உட்கார்ந்தார்கள். ஒருநாள் அவர் குச்சிகளைத் தரையில் பரப்பிக் காட்டினார். நம் பேச்சு மேற்கே எங்கா ஆட்களின் பேச்சோடு ஒரு கிளை, அந்தப் பக்கத்தார் பேச்சு வாகி ஆற்றுப் பள்ளத்தாக்குப் பேச்சுகளோடு வேறு கிளை, இரண்டும் ஒரே அடிமரம், அந்த மரத்தின் கிளைகள் இந்தத் தீவின் முதுகெலும்பு நெடுகப் போகின்றன என்றார். ரெமனுவுக்குக் கோபம் வந்துவிட்டது. பறவைப் பேச்சும் நம் பேச்சும் ஒரு மரமா என்று எழுந்தே போய்விட்டாள்.

அவர் விடவில்லை. நான், நீ என்கிற சொற்களைப் பார், இரண்டிலும் ஒரே சத்தத்தில் தொடங்குகின்றன, இவை சுலபத்தில் மாறுகிற சொற்கள் இல்லை என்றார். நாம் சுண்டுவிரலில் தொடங்கி முழங்கை, தோள், காது, கண் என்று உடம்பின் மேலேயே ஏறி எண்ணுகிறோம், அவர்கள் கைவிரல்களோடு முடித்துக்கொள்கிறார்கள், அது வேறுபாடு. ஆனால் செய்கிற சொற்களைக் கோத்துக் கோத்துப் பேசுவது இரண்டிலும் உண்டு. எழுந்து, போய், வெட்டி, சுமந்து என்று போகும்போது ஒரே ஆள்தான் எல்லாம் செய்கிறான் என்றால் சொல்லுக்கு ஒரு வால், நடுவில் ஆள் மாறினால் வேறு வால். அந்தப் பக்கத்துப் பேச்சில் அந்த வால் எப்படி மாறும் என்று கேட்டார்.

வாம்பேயைத்தான் கேட்டார். அவள் கிழங்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்குமுன் கிராப்பா முந்திக்கொண்டான். கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண்ணைக் கேட்டு, பெரிய மனுஷனைக் கேட்காமல் விட்டால் அவனுக்குப் பொறுக்குமா? நான் சொல்கிறேன் என்றான். சொன்னான். அந்தப் பக்கத்துப் பேச்சில், ஒரு பிசிறு இல்லாமல், வால் சரியாக மாற, அங்கேயே பிறந்தவன்போலச் சொன்னான்.

"நான் விழுந்துட்டேன், நீ கொடியப் போடு."

உலகத்தில் எத்தனையோ பேச்சு இருக்க, அவன் வாயில் அதுதான் வந்தது. வெள்ளைக்காரர் மகிழ்ந்துபோய் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். கிராப்பா சொல்லவில்லை. அவன் முகம் சாம்பலாகிவிட்டது. மறந்துபோச்சு என்று புகையிலையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

வாம்பே சுரண்டின கிழங்கையே மறுபடி சுரண்டினாள். பேச்சுத் தெரியாதவன் அந்தச் சொற்களை எங்கே கேட்டான், யார் வாயிலிருந்து கேட்டான்? பெட்டிக்காரருக்கு விளங்கவில்லை, கூட்டத்துக்கும் விளங்கவில்லை. அவளுக்கு ஒருத்திக்கு விளங்கியது போதும்.

அன்றைக்கே கத்தியிருக்கலாம். கத்தினால் என்ன நடக்கும்? பொம்பளைப் பேச்சு என்பார்கள். அந்தப் பக்கம் பன்றி விற்கப் போனபோது நாலு வார்த்தை பொறுக்கிக்கொண்டேன் என்பான். அவன் வாயாலேயே வர வேண்டும், எல்லோரும் கேட்க வர வேண்டும். அவள் காத்திருந்தாள். கிராப்பா வந்தால் முகம் கோணாமல் கிழங்கு வைத்தாள். அவன் பெரிய விருந்துக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தான். இரண்டு பக்கத்தாரையும் கூப்பிட்டுப் பன்றி அடித்து, தாழைக்கொட்டையைக் குவித்துக் காட்டி, பெரிய தலை என்று பேர் வாங்க வேண்டும். தலைக்கட்டுக்கு இறகெல்லாம் சேர்த்துவிட்டான். அவன் பன்றிகளுக்கு அவளும் கிழங்கு போட்டாள். நன்றாகக் கொழுக்கட்டும் என்று கை நிறையப் போட்டாள்.

தாழை காய்த்தது. எல்லோரும் ஏறினார்கள். கிராப்பா யாரையும் நம்பாமல் பள்ளத்தோர மரங்களுக்குத் தானே போனான். தாழை அடிமரம் வழுக்கும், முள்ளும் இருக்கும். வெட்டுப் போட்ட ஏறுகழியைச் சாய்த்து ஏறி, உச்சியில் உட்கார்ந்து குலையை அறுக்க வேண்டும். அவன் உச்சிக்குப் போனதும் வாம்பே புதரிலிருந்து வந்தாள். கழியை எடுத்தாள். கொஞ்ச தூரம் இழுத்துப் போய்க் கீழே போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அவன் தாழைப்பேச்சில் கழியை வை என்றான். அவள் வலைப்பைக்கு நூல் முறுக்கத் தொடங்கினாள். மிரட்டினான், பிறகு கெஞ்சினான், அதுவும் தாழைப்பேச்சிலேதான். பனி இறங்கியது, அப்புறம் மழை. மேலே இருக்கிறவனுக்குப் பிடிக்க ஈர இலைதான். கீழே ஒரு பக்கம் முள், ஒரு பக்கம் பள்ளம். கத்தல் கேட்டுத் தோப்பில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பனிக்குள் நின்றார்கள். ரெமனு ஓடி வந்து கழியைக் கொடு என்று சைகை காட்டினாள். வாம்பே அசையவில்லை. யாலோவும் வந்தான். அவன் ஒரு கையால் அவளைத் தூக்கி எறிந்துவிட்டுக் கழியை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஏன் என்று அவனைத்தான் கேட்க வேண்டும். அவனுக்கும் ஏதோ கேட்க வேண்டியிருந்தது போல.

கடைசியில் குளிர் கிராப்பாவின் வாயைத் திறந்தது. தாழைப்பேச்சு தீர்ந்துவிட்டது. முதலில் நம் பேச்சில் அம்மாவைக் கூப்பிட்டான். பிறகு, கழியின் மேல் உட்கார்ந்திருக்கிறவளுக்கு எது உறைக்குமோ அந்தப் பேச்சில், அவள் பேச்சில், கூப்பிட்டான்.

"நான் விழப்போறேன். கழிய வையி தாயே."

கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது. வாம்பே எழுந்தாள். அவளும் கீழ்ப்பேச்சில்தான் பேசினாள், நம் பேச்சில், எல்லோருக்கும் புரியும்படி.

"ஆவி கத்துற மாதிரி இருக்கு மச்சான். பதில் சொல்லலாமா?"

"ஆவி இல்ல, நான்தான்." காதைப் பொத்தின கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"அன்னிக்கு என் தம்பி என்ன சொல்லிக் கூப்பிட்டான்?"

அவன் ஈர இலையை இறுக்கிப் பிடித்தான். அவள் மறுபடி உட்காரப் போனாள்.

"விழுந்துட்டேன், கொடியப் போடுன்னான்."

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றான். "என் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டான்."

"கொடி இருந்துச்சா கையில?"

"இருந்துச்சு."

அவள் கழியைத் தானே தூக்கி மரத்தில் சாய்த்தாள், நழுவாமல் அடியைக் காலால் அணைத்துக்கூடக் கொடுத்தாள். கொல்லப் பார்த்தாள் என்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவன் இறங்கினான். யாரும் அவன் கையைப் பிடிக்கவில்லை.

தோப்பு அன்றே காலியானது. குலைகளை மரத்திலேயே விட்டுவிட்டு இறங்கினார்கள். துணிந்து ஒன்றிரண்டைப் பிளந்தவர்கள் உள்ளே தண்ணீர்தான் என்றார்கள். விருந்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை, இந்தப் பக்கத்திலும் ஆளுக்கொரு காய்ச்சல், ஆளுக்கொரு வயிற்றுவலி. கிராப்பாவின் தலை இறகுகளைக் கரப்பான் தின்றது. கெலே செத்தது மலையால் இல்லை என்று ஆகிவிட்டதால், பெரியவர்கள் இப்போது பன்றி கொடுத்துத் தீர்க்கப் பார்த்தார்கள். கொழுத்த பன்றிகளைக் கயிற்றில் கட்டிக் கிராப்பாவே அவள் வாசலுக்கு ஓட்டி வந்தான். தலை நிமிரவில்லை.

"பன்னிய நீயே வச்சுக்கோ மச்சான்" என்றாள். "அது கத்துறப்பல்லாம் யாரு கத்துறான்னு நெனச்சுக்கோ."

வாங்கியிருந்தால் தீர்ந்திருக்கும். அவளுக்குத் தீர வேண்டாம். இன்றைக்கும் பன்றி கத்தினால் அவன் எழுந்து வேறு பக்கம் போவதைப் பார்க்கிறீர்களே, அது அவள் வைத்துவிட்டுப் போனது.

பாறை இடுக்கிலிருந்து தம்பியின் எலும்புகளை எடுத்து வந்து, இலை சுற்றி, புதிதாகப் பின்னின வலைப்பையில் வைத்தாள். யாலோ அடுப்போரம் உட்கார்ந்திருந்தான். அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இவன அந்தப் பக்கம் கொண்டுபோய் எங்க ஆளுங்ககிட்ட குடுக்கணும். நீ ஒரு கை புடிச்சு வருவியா? உங்க அண்ணன் செஞ்சதுன்னு நீ சொல்லணும்."

யாலோ நெருப்பைக் கிளறினான். "அவன் என் கூடப் பொறந்தவன் வாம்பே."

"இவன் என் கூடப் பொறந்தவன்" என்றாள்.

அவன் எழவில்லை. அவள் வெளியே வந்தாள், பையை நெற்றியில் மாட்டினாள். பிறகு வாசல் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, குறுக்கே, அடியிலிருந்து மேல்வரை அடுக்கினாள். வீட்டில் யாரும் இல்லாமல் தோட்டத்துக்குப் போகும்போது அப்படித்தான் அடைப்போம். உள்ளே அவன் நெருப்புப் புகைந்துகொண்டிருந்தது. கடைசிப் பலகையையும் வைத்துவிட்டு, பையில் இருந்தவனோடு தன் பேச்சில், சத்தமாக, ஊருக்கெல்லாம் கேட்கும்படி பேசிக்கொண்டே மலைப்பாதையில் ஏறினாள்.