சொந்தப் பட்டத்துக்குப் பூச்சியம்

நிந்தவூர் நதீராவுக்கு முப்பத்தொன்பது வயது. அதில் ஒன்பது வருடங்களை ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளராகவே கழித்துவிட்டாள். தற்காலிகம் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். பதினொரு மாதம் வேலை வாங்குவார்கள். பன்னிரண்டாவது மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, யாரோ புது ஆளை எடுப்பது போல அவளையே மறுபடி எடுப்பார்கள். அப்போதுதான் தொடர்ந்து வேலை செய்தேன் என்று அவள் எந்த மன்றத்திலும் போய் வழக்காட முடியாது. படித்த மூளை எதற்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்!

அவள் படிப்பித்தது மண்ணைப் பற்றி. கடலோரத்து வயல்களில் உப்பு ஏறி வேளாண்மைப் பயிர் கருகுவது ஏன், எந்த வாய்க்காலால் ஏறுகிறது, எந்த மாதம் ஏறுகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பயிர் மஞ்சளடித்தால் விவசாயிகள் முதலில் அழைப்பது அவளுடைய தொலைபேசிக்குத்தான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரம்பில் நடந்து போய்ப் பார்த்துச் சொல்வாள்.

முப்பது வயதில் அவளுக்கு ஒல்லாந்து நாட்டில் கலாநிதிப் பட்டத்துக்கு, அதாவது பி.எச்.டி.க்கு, படிக்க இடம் கிடைத்தது. புலமைப்பரிசிலோடுதான் கிடைத்தது. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு துறைத் தலைவர் பேராசிரியர் இராசதுரையிடம் ஓடினாள்.

"நம்மட மண்ணைப் படிக்கிறதுக்கு ஒல்லாந்துக்கு ஏன் போகோணும்?" என்று அவர் சிரித்தார். "இஞ்சயே பதிஞ்சு செய்யுங்க நதீரா. நம்மட துறையில முதல் கலாநிதிப் பட்டம் ஒங்கடதாத்தான் இருக்கும். இடம் ஒண்டு வந்தா அது ஒங்களுக்குத்தானே?"

அவள் நம்பினாள். ஒல்லாந்துக்கு வரமாட்டேன் என்று எழுதிப் போட்டாள். ஏழு வருடம் படிப்பித்துக்கொண்டே படித்து, பட்டத்தையும் வாங்கினாள். ஆய்வேடு மிகச் சிறந்தது என்று இராசதுரையே மேடையில் நின்று சொன்னார்.

கடைசியில் நிரந்தர இடம் ஒன்று விளம்பரமானது. ஒரே ஓர் இடம். அது தவறினால் அடுத்தது வர ஐந்தாறு வருடமாகும், அதற்குள் அவளுக்கு வயதெல்லை தாண்டிவிடும்.

நேர்முகப் பரீட்சையில் மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் இராசதுரை. உப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"நீங்க ஏன் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒண்டுக்கும் போகல்ல?" என்பதுதான் முதல் கேள்வி.

நதீரா இராசதுரையைப் பார்த்தாள். அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு அப்போது வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? நான்தான் போகவிடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தலை கழன்று விழுந்திருக்குமா?

ஆனால் எல்லாம் முடிந்ததும் வாசல் வரை வந்து, "பயப்படாதீங்க, நல்லாச் செஞ்சீங்க" என்றார். அந்தப் பேச்சை அவள் அப்படியே புருஷன் றவூப்பிடம் தொலைபேசியில் சொன்னாள். றவூப் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருப்பவன், விளையாட்டுக் கழகத்தில் பொருளாளர். மற்றக் கழகம் முந்திவிடுமே என்ற அவசரத்தில், முடிவு வருமுன்னே அடுத்த நாள் காலை பெரிய வீதிக்குக் குறுக்கே பேனர் கட்டிவிட்டார்கள். 'எமது மண்ணின் மகள், விரிவுரையாளர் கலாநிதி நதீராவை வாழ்த்துகிறோம்.' எங்கள் ஊர்களில் வாழ்த்துவதில் பிந்தினால் மானம் போய்விடும்.

பன்னிரண்டு நாள் அது காற்றில் ஆடியது. கண்டவர்களெல்லாம் அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். பதின்மூன்றாம் நாள் முடிவு வந்தது. இடம் பஸாலுக்கு.

பஸாலும் இதே ஊர்ப் பொடியன்தான், அவளுக்கு மூன்று வகுப்புக் கீழே படித்தவன். அவுஸ்திரேலியாவில் பேர் பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் பட்டம் எடுத்தவன். ஆய்வு செய்த மண் மட்டும் அவுஸ்திரேலியாவுடையது இல்லை, நிந்தவூருடையது! அதற்காக ஆறு வாரம் இங்கே வந்து நின்றான். அவனைத் தன் ஸ்கூட்டியில் ஏற்றி வயல் வயலாகக் கொண்டு திரிந்து, எங்கே தோண்ட வேண்டும் என்று விரல் நீட்டிக் காட்டியவள் நதீரா. அவனுடைய ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அவள் பெயர் இருக்கிறது, 'உள்ளூர் உதவியாளர்' என்று.

கழகத்துக்காரர் பேனரை அவிழ்த்தார்கள். இரண்டு நாளில் அதே கயிற்றில் பஸாலின் படம் தொங்கியது. றவூப் அந்த வீதியால் போவதையே விட்டுவிட்டான்.

"நான் அவசரப்பட்டுட்டன் புள்ள" என்றான் ஒரு நாள், முகத்தைப் பார்க்காமல்.

"நீங்க பேனர்தான் கட்டினீங்க. பொய் சொன்னவர் வேற ஆள்" என்றாள் நதீரா.

எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசும்போது பழைய ஆட்கள் இன்னும், 'என்ன குடி?' என்று கேட்பார்கள். குடி என்றால் தாய்வழியில் வரும் வம்சம். பிள்ளை தலைகீழாக நின்றாலும் அதை மாற்ற முடியாது. படித்தவர்களுக்கு இது பெரிய பகிடி, சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் படித்த ஐந்து பேரும் நேர்முகப் பரீட்சையில் கேட்டது வேறென்ன? ஆளைக் கேட்கவில்லை, அவள் பட்டத்தின் குடியைக் கேட்டார்கள்.

நதீரா அழுதுகொண்டு கிடக்கவில்லை. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் தனக்கும் பஸாலுக்கும் போட்ட புள்ளிகளைக் கேட்டு எழுதினாள். இரண்டு மாதம் கழித்துப் பதிவுத் தபாலில் ஒரு தாள் வந்தது. கற்பித்தலுக்கு முழுப் புள்ளி. ஆய்வுக்குப் பஸாலைவிட நான்கு கூட. அதற்குக் கீழே, 'கலாநிதிப் பட்டம் வழங்கிய நிறுவனம்: பதினைந்துக்குப் பூச்சியம்.' உலகத் தரவரிசையில் முதல் ஐந்நூறுக்குள் இல்லாவிட்டால் பூச்சியமாம். பஸாலுக்கு அதில் முழுப் பதினைந்து. மொத்தத்தில் அவள் ஐந்து புள்ளியால் தோற்றிருந்தாள். அடியில் ஐந்து கையெழுத்து, அதில் ஒன்று இராசதுரையுடையது.

பட்டத்தைக் கொடுத்தவர்கள் இவர்கள். அதற்குப் பூச்சியம் போட்டவர்களும் இவர்கள்தான். தாங்கள் சமைத்ததைத் தாங்களே வாயில் வைக்கமாட்டார்களாம், ஊருக்கு மட்டும் பரிமாறுவார்களாம். அவள் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

அடுத்த நாள் அவள் இராசதுரையின் அறைக்குப் போனபோது அவர் எழுந்து நின்றே வரவேற்றார்.

"நானும் வெளிநாடு போகாம இந்த நாட்டிலதான் கலாநிதி முடிச்சன், நதீரா. அந்தக் காலம் வேற. இப்ப விண்ணப்பிச்சா எனக்கும் கிடையாது."

"அது தெரிஞ்சிருந்துமா என்னை இஞ்ச இருக்கச் சொன்னீங்க, சேர்?"

அவர் மேசையிலிருந்த ஒரு கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். இன்னும் பதினொரு மாதம் தற்காலிகமாக இருக்கலாம், பஸாலுக்குப் பாடங்கள் பழகும் வரைக்கும். பிறகு குரலைத் தணித்து இன்னொன்றும் கேட்டார்.

"சனிக்கிழமை நம்மட பட்டமேற்படிப்புக்கு அறிமுகக் கூட்டம். நாப்பது பேர் வாறாங்க. இஞ்ச படிச்சு முடிச்ச ஆள் எண்டு நீங்க வந்து ரெண்டு வார்த்தை கதைச்சா நல்லம்."

இவருக்கு வெட்கம் என்ற ஒன்றை ஆண்டவன் வைத்துப் படைக்கவே இல்லையா?

"ஓம் சேர், வாறன்" என்றாள் நதீரா. கடிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியேறினாள்.

சனிக்கிழமை காலை மண்டபத்தில் கட்டண விவரமும் விண்ணப்பமும் நாற்காலிக்கு ஒன்றாக வைத்திருந்தார்கள். முன்வரிசையில் இராசதுரை, பக்கத்தில் பஸால். துறையின் பெருமை என்று அறிமுகம் செய்து அவளை மேடைக்கு அழைத்தார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் நதீரா. இந்தத் துறை குடுத்த முதல் கலாநிதிப் பட்டம் என்னடதான்" என்று தொடங்கினாள். கைதட்டினார்கள். "அந்தப் பட்டத்துக்கு இந்தத் துறையே எத்தினை புள்ளி போட்டிருக்கு எண்டு வாசிக்கிறன், கேளுங்க."

தாளை விரித்து மேலிருந்து கீழ் வரை வாசித்தாள். பூச்சியத்தை இரண்டு தரம் வாசித்தாள். கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களையும் விடவில்லை. பஸால் தலையைக் குனிந்துகொண்டான். மண்டபத்தில் கைதட்ட ஆளில்லை.

நடுவரிசையில் இருந்து ஒரு பெண் எழும்பினாள். ஏதோ பாடசாலையில் படிப்பிப்பவளாக இருக்க வேண்டும். கையில் நிரப்பிய விண்ணப்பம் இருந்தது.

"அப்ப நாங்க இதுக்குப் பதியிறதா, விடுறதா, மெடம்?"

"என்னட்டக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல? நான் இவர் சொன்னதைக் கேட்டுப் பதிஞ்சவள்" என்றாள் நதீரா. இறங்கிப் போய் ஒலிவாங்கியை இராசதுரையின் கையில் திணித்தாள். "சொல்லுங்க சேர். அண்டைக்கு எனக்குச் சொன்ன மாதிரியே இவங்களுக்கும் சொல்லுங்க."

நாற்பது பேரும் அவரைப் பார்த்தார்கள். ஒலிவாங்கி வேலை செய்துகொண்டுதான் இருந்தது, அவர் மூச்சு வாங்கும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.