மாலை வேண்டாம் என்ற கோச்

சனிக்கிழமை காலை தொலைபேசியில் மரெய்க்காவின் குரலைக் கேட்டதும், கோச் மறுபடியும் வீடு மாறிவிட்டார் போலும் என்று நினைத்துப் புது முகவரி எழுதப் பேனாவைத் தேடினேன். தகப்பனார் வீடு மாறும்போதெல்லாம் எங்களுக்கு அறிவிப்பவர் அந்த மகள்தான். இந்த முறை முகவரி எதுவும் வரவில்லை. "அப்பா விடியற்காலையில் இறந்துவிட்டார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அடக்கம் எங்கே, எத்தனை மணிக்கு என்றும் சொன்னார். பேனா கையில் இருந்தும் நான் எதையும் எழுதவில்லை.

இதை எழுத உட்காருகிறேன், எழும்புகிறேன். பல்கனிக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன். "ஒரு இடத்திலை இருந்து எழுதுங்கோவன்" என்கிறாள் மனைவி. ஒரு இடத்தில் இருக்கத் தெரியாத மனிதரைப் பற்றி எழுதும்போது எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தோடு பழகியவர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஹென்க் அவர்கள் ஒல்லாந்து நாட்டின் ஒரு துறைமுகப் பட்டினத்தில் பிறந்தவர். இளமையில் இடது ஓரத்தில் விளையாடியவர். ஒல்லாந்தில் சில கழகங்கள், பிறகு பெல்ஜியம், பிறகு அமெரிக்கா என்று கால் போன போக்கில் போனார். முழங்கால் கைவிட்டதும் பயிற்றுநரானார். அப்போதும் ஓர் ஊரில் இரண்டு கோடைக்கு மேல் இருந்ததில்லை. சில இடங்களில் அவராக விலகினார். பல இடங்களில் அவரை விலக்கினார்கள். ஒல்லாந்தின் வடக்கே ஒரு சிறிய கழகத்தை மேல் பிரிவுக்கு உயர்த்திவிட்டு, அடுத்த ஆண்டே வேலையை இழந்ததாக ஒருநாள் சொன்னார். மனைவி இறந்தபின் மகளைத் தேடிக் கனடா வந்தார். பிக்கரிங்கில் குடியிருந்துகொண்டு, நான் வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பொருள் அனுப்பும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கார் நிறுத்துமிடத்தில் நாங்கள் பந்தடிப்போம். அவர் சுவரோரம் நின்று பாண் கடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பாதிப் பாணை எறிந்துவிட்டு நடுவில் வந்தார். "எல்லோரும் பந்தைத் துரத்துகிறீர்கள். பந்துக்குக் களைப்பு வராது. உங்களுக்குத்தான் வரும்" என்றார். அந்த ஞாயிறே எங்கள் மைதானத்துக்கு அழைத்துப் போனேன்.

எங்கள் கழகத் தலைவர் சிவம் அண்ணை ஊரில் பெயரெடுத்த பின்வரிசைக்காரர். வயிறு வைத்த பிறகும் வாய் ஓயாதவர். புதியவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "ஒல்லாந்தர் முந்தி வந்து எங்கட யாழ்ப்பாணத்தைப் பிடிச்சவை. இப்ப ரீமையும் பிடிக்க வந்திட்டினமோ?"

பிடித்துத்தான் விட்டார். பந்தைக் கொடுத்தவன் கொடுத்த இடத்தில் நிற்கக்கூடாது. அதுதான் அவருடைய ஒரே வேதம். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டு, "நில்லாதை" என்ற சொல்லைக் கற்றுக்கொண்டார். கோட்டுக்கு வெளியே மேலும் கீழும் நடந்தபடி "நில்லாதை! நில்லாதை!" என்று அவர் போடும் சத்தத்தில் பக்கத்து மைதானத்துப் பிள்ளைகளும் ஓடத் தொடங்குவார்கள். அவருக்கென்று போட்ட மடக்குக் கதிரையில் எப்போதும் தண்ணீர்ப் போத்தல்கள்தான் உட்கார்ந்திருந்தன.

இரண்டாவது கோடையில் எங்களுக்கு ஒரு பயம் பிடித்தது. பக்கத்து நகரமான விட்பியில் வசதியான ஒரு கழகம் அவரைக் கேட்கிறது என்று கதை வந்தது. அவரோ இரண்டு கோடைக்கு மேல் தங்காதவர். அவர் போனால் நாங்கள் பழையபடி பந்தைத் துரத்தும் கூட்டமாகிவிடுவோம். அதைவிட, வேலையும் குளிரும் அகதி வழக்குமாகக் கிடந்த எங்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் வாழ்க்கையாக இருந்தன.

"யோசியாதை தம்பி" என்றார் சிவம் அண்ணை. "மனுசனை வடிவாக் கௌரவிச்சால் எங்கை போகப் போறார்? சுற்றுப்போட்டிக்கு அவர்தான் பிரதம விருந்தினர். மேடையிலை இருத்தி, பொன்னாடை போர்த்தி, மாலை போடுவம்."

நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் ஓம் என்றோம்.

இறுதி ஆட்டத்தன்று, வழக்கம்போல் வீரர்களை ஓடவிட்டுச் சூடேற்றிக்கொண்டிருந்தவரைக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வந்தோம். பொன்னாடை போர்த்தினோம். முழங்கால் வரை தொங்கும் ரோசாப்பூ மாலை போட்டோம். தமிழில் ஒருவர் மாறி ஒருவர் புகழ்ந்தோம். சனம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் என்னிடம் குனிந்து, "இன்றைக்கு அணியை யார் பார்ப்பது?" என்று கேட்டார். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் ஆறுதலாக இருங்கள்" என்றேன். அவர் முகம் வெளுத்தது. வெயில் என்று நினைத்துக் குளிர்பானம் கொடுத்தேன். ஆட்டம் முழுவதும் மாலையோடு மேடைக் கதிரையில் இருந்தார். மேசைக்குக் கீழே கால்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஒருமுறைகூட "நில்லாதை" என்று கத்தவில்லை.

வென்றோம். ஒவ்வொருவரின் கையையும் பிடித்து, கண்ணைப் பார்த்து நன்றி சொன்னார். நாங்கள் மகிழ்ச்சியில் துள்ளிக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாள் அவர் வேலைக்கு வரவில்லை. மாலையில் வீடு திரும்பினால் வாசலில் பந்துப் பையும் விசிலும் கிடந்தன. "உங்கட கோச் வந்தவர்" என்றாள் மனைவி. "தேத்தண்ணி குடியுங்கோ எண்டன். நிக்கேல்லை. கண் கலங்கின மாதிரி இருந்துது. என்ன செய்தனீங்கள் அந்த மனுசனை?"

பந்துப் பையையும் சிவம் அண்ணையையும் ஏற்றிக்கொண்டு பிக்கரிங்குக்குக் காரை விட்டேன். கோச் புல்வெட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே வெட்டின புல். எங்களைக் கண்டும் இயந்திரத்தை நிறுத்தவில்லை. நான் போய் நிறுத்தினேன்.

"ஏன் வந்தீர்கள்? நேற்றுத்தான் எல்லாம் முடிந்ததே" என்றார்.

"என்ன முடிந்தது?"

"எங்கள் நாட்டில் ஒரு பயிற்றுநரை அனுப்பும் நாளில்தான் எல்லோர் முன்னாலும் பூக்கொத்துக் கொடுப்பார்கள். கைதட்டுவார்கள். மறுநாள் என் கதிரையில் இன்னொருவர் இருப்பார். நான் நிறையப் பூக்கொத்து வாங்கிய ஆள். ஆனால் கழுத்திலேயே போட்டு, துணியும் போர்த்தி, இவ்வளவு பெரிதாக என்னை யாரும் வேலையை விட்டு நீக்கியதில்லை."

நான் தமிழில் சொன்னதும் சிவம் அண்ணை தலையில் கை வைத்தார். "ஐயோ கடவுளே! போகாதையுங்கோ எண்டு சொல்லத்தானே தம்பி மாலை போட்டனாங்கள்! சொல்லு அவருக்கு!"

சொன்னேன். கோச் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "போகாதே என்றால் அதை வாயால் சொல்லக்கூடாதா?" என்று கேட்டார். "என் வாழ்க்கையில் ஒரு கழகமும் அதைச் சொன்னதில்லை."

நாங்கள் சாப்பாடு போடுவோம், பொன்னாடை போர்த்துவோம், சண்டையும் பிடிப்போம். அன்பை வாயால் சொல்லிப் பழக்கமில்லாத சனம். சிவம் அண்ணையும் நிலத்தைப் பார்த்தபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாரே தவிர, அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. கோச்சுக்கு அந்தக் கை போதுமாக இருந்திருக்க வேண்டும். "சரி. ஆனால் இனி எனக்கு மாலை வேண்டாம். நான் போகும் நாளில் போடுங்கள்" என்றார். பந்துப் பை அன்றைக்கே அவர் காருக்குத் திரும்பியது.

விட்பிக்கு அவர் போகவில்லை. பிக்கரிங்கிலேயே வீடு மாறினார், வேலை மாறினார், தாடி வைத்தார், எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாறவில்லை. கோடைக்குப் பின் கோடை வந்தது. தோற்ற ஆண்டுகளிலும் எங்களோடுதான் இருந்தார். அவர் வாழ்க்கையில் அதிக காலம் இருந்த கழகம் எங்களுடையது. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை. மறைக்க மாட்டேன்.

நோய் வந்து மருத்துவமனையில் படுத்தபோதும் போர்வைக்குக் கீழே கால்கள் அசைந்துகொண்டிருந்தன. நாங்கள் ஆட்ட விபரம் சொல்வோம். "நின்றார்களா?" என்று கேட்பார். "நிற்கவில்லை, கோச்" என்போம். பாதி பொய்தான்.

அடக்கத்தன்று கழகச் சட்டையோடு எல்லோரும் வந்திருந்தார்கள். ஸ்காபரோவில் கட்டுவித்த ரோசாப்பூ மாலை சிவம் அண்ணையின் கையில் இருந்தது. பெட்டிக்கு முன் போய் நின்றவர் அசையவில்லை. "போடுங்கோ அண்ணை" என்றேன்.

"போட்டால் அனுப்பினதாப் போயிடும், தம்பி."

பின்னால் சனம் காத்திருந்தது. என் கண் கோச்சின் கால்கள் இருந்த பக்கம் போனது. போர்த்தியிருந்த துணி அசையவில்லை. அதன்பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

சிவம் அண்ணை மாலையை மெல்ல அவர் மார்பில் வைத்தார். வைத்துவிட்டு, கோயிலில் தேவாரம் பாடும் அந்தப் பெரிய குரலில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"போகாதையுங்கோ, கோச்."

அவர் என்ன சொல்கிறார் என்று மரெய்க்கா என்னிடம் கேட்டார். சொன்னேன்.